நாற்பது சிப்பாய்களுக்கு ஒரே சிவப்பு: மினியேச்சர் பெயிண்ட் கலக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் இடையே நடந்த அசாயி போரை 28 மி.மீ. அளவு மினியேச்சர்களில், அதாவது சின்னப் போர்வீரர் பொம்மைகளில், செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தேவைப்பட்டது சிவப்பு. பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லியின் படையில் ஸ்காட்லாந்து ஹைலேண்டர் ரெஜிமென்ட்கள் இரண்டும், அவற்றோடு மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்ப் பட்டாலியன்களும் இருந்தன. காலாட்படை முழுக்க சிவப்புக் கோட்டு. நாற்பது சிப்பாய்களை வரிசையாக நிறுத்தினால் நாற்பது கோட்டும் ஒரே துணியில் வெட்டியதுபோல் இருக்க வேண்டும்.

முதல் பன்னிரண்டு பேரை மார்கழியில் முடித்தேன். அடுத்த பன்னிரண்டு பேர் சித்திரையில் முடிந்தார்கள். நோட்டில் எழுதி வைத்திருந்த அதே கணக்குதான்: சிவப்பு ஆறு துளி, பிரவுன் மூன்று துளி. இரவில் மேசை விளக்கின் கீழ் இரண்டு அணியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. காலையில் பால்கனியில் வைத்துப் பார்த்தால் ஒரு அணி செங்கல் நிறம், இன்னொன்று லேசாக ரோஸ் அடித்தது. இரண்டாவது முறை வாங்கிய சிவப்பு வேறு கம்பெனியுடையது, பாட்டிலில் பெயர் மட்டும் அதேதான். அந்தப் பன்னிரண்டு கோட்டையும் மறுபடி பூசினேன். இந்த வழிகாட்டியில் இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டது. சிவப்பை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். பச்சையோ நீலமோ உங்களுக்கு எது வேண்டுமானாலும் முறை இதேதான்.

முதலில் விளக்கைச் சரிசெய்யுங்கள்

கலப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இரண்டு கலவைகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் இன்னொன்றின் கீழ் வேறாகவும் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெவ்வேறு நிறமிகளால் செய்த இரண்டு சிவப்புகள் வெளிச்சத்தை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புகின்றன. மஞ்சள் பல்பில் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது, பகல் வெளிச்சத்தில் வெளியே வந்துவிடுகிறது. என் பால்கனியில் நடந்தது இதுதான்.

விளக்கு வாங்கும்போது அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். நிற வெப்பநிலை 5000 முதல் 6500 கெல்வினுக்குள் இருக்கட்டும். சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும் எண், அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு, 90-க்கு மேல் இருக்கட்டும். இரண்டாவது எண்தான் முக்கியம். வெள்ளை வெளேரென்று எரியும் மலிவான எல்.இ.டி. பலவற்றில் சிவப்புப் பகுதி பலவீனமாக இருக்கும். சிவப்பும் தோல் நிறமும் அதில் உயிரில்லாமல் தெரியும், அதைச் சரிக்கட்ட நீங்கள் அளவுக்கு மேல் சிவப்பைக் கொட்டிவிடுவீர்கள். ஒரே விளக்கை மாற்றாமல் பயன்படுத்துங்கள். இறுதி முடிவை மட்டும் நேரடி வெயில் படாத ஜன்னலோரம் ஒருமுறை பார்த்து எடுங்கள்.

மேசை விரிப்பும் கணக்கில் வரும். பளிச்சென்ற பச்சை விரிப்பின் மேல் வைத்த சிவப்பு, இருப்பதைவிட அதிகச் சிவப்பாகத் தெரியும். சாம்பல் நிறச் சார்ட் அட்டை ஒன்றைப் போட்டு அதன் மேல் வேலை செய்யுங்கள். நீண்ட நேரம் சிவப்பையே பார்த்தால் கண் அதற்குப் பழகி மந்தமாகிவிடும். அவ்வப்போது அந்தச் சாம்பல் அட்டையை அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பாட்டிலின் பெயரை விட்டுவிட்டு நிறமியைப் பாருங்கள்

பெயிண்டுக்கு நிறம் கொடுப்பது நிறமி. ஒவ்வொரு நிறமிக்கும் உலகம் முழுக்கப் பொதுவான ஒரு குறியீடு உண்டு. நீலங்களுக்கு பி.பி., சிவப்புகளுக்கு பி.ஆர்., மஞ்சள்களுக்கு பி.ஒய். என்று தொடங்கி, கூடவே ஓர் எண் வரும். அல்ட்ராமரீன் நீலம் பி.பி. 29. தாலோ நீலம் பி.பி. 15. டைட்டானியம் ஒயிட் பி.டபிள்யூ. 6. கம்பெனி எதுவானாலும் குறியீடு மாறாது.

பெயர்கள் மாறும். 2012-ல் மினியேச்சர் பெயிண்ட் பிராண்டான சிட்டாடல் தன் பெயிண்ட் வரிசையை மொத்தமாகப் புதுப்பித்தபோது பழைய பெயர்கள் போய்ப் புதிய பெயர்கள் வந்தன. அதுவரை பெயரை மட்டும் நம்பி எழுதிவைத்த கலவைக் குறிப்புகளுக்கெல்லாம் ஈடு தேட வேண்டியதாகிவிட்டது. ஓவியர் பெயிண்டுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. நாப்தால் ரெட் என்ற ஒரே பெயரில் பி.ஆர். 112-ம் கிடைக்கும், பி.ஆர். 170-ம் கிடைக்கும். காட்மியம் ரெட் ஹ்யூ என்று எழுதியிருந்தால் அதில் காட்மியமே இருக்காது. அந்த நிறத்தைப் போல வேறு நிறமிகளில் செய்தது என்றுதான் பொருள்.

மினியேச்சர் பெயிண்ட் பாட்டில்கள் பலவற்றில் நிறமிக் குறியீடு இருப்பதில்லை. ஒரு பாட்டிலுக்குள் மூன்று நான்கு நிறமிகள் கலந்தே வரலாம். நேரடியாகப் பூசுவதற்கு அவை அருமையானவை. கலக்க எடுக்கும்போதுதான் தொல்லை. ஏற்கெனவே மூன்று நிறமி உள்ளதோடு இன்னொரு மூன்று நிறமி உள்ளதைச் சேர்த்தால் மொத்தம் ஆறு. நிறம் மங்கி, சேறு மாதிரி ஆகிவிடும். கலக்குவதற்கென்று ஒற்றை நிறமி பெயிண்டுகள் ஒரு சிறு தொகுப்பாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் கிமேரா கலர்ஸ் மினியேச்சருக்காகவே ஒற்றை நிறமியில் செய்தது. கோல்டன் கம்பெனியின் ஃப்ளூயிட் அக்ரிலிக்கிலும் குறியீடு லேபிளிலேயே இருக்கும். உள்ளூர்க் கடையில் வாங்குவதாக இருந்தால் லேபிளைத் திருப்பிப் பார்த்து, குறியீடு ஒன்றே ஒன்று உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

என் பெட்டியில் இருப்பவை இவை:

- டைட்டானியம் ஒயிட் (பி.டபிள்யூ. 6): அடிநிறத்தை நன்றாக மூடும், பலம் அதிகம், கலவையைக் குளிர்ச்சியாக்கும், அதாவது நீலச் சாயல் பக்கம் இழுக்கும்.
- லெமன் சாயலுள்ள ஹான்ஸா மஞ்சள் (பி.ஒய். 3): தெளிவான பச்சைகளுக்கு. மூடும் திறன் குறைவு.
- மஞ்சள் காவி, அதாவது யெல்லோ ஆக்சைடு (பி.ஒய். 42): நன்றாக மூடும், நிதானமானது.
- நாப்தால் ரெட் (பி.ஆர். 112).
- ரெட் ஆக்சைடு (பி.ஆர். 101): செங்காவி நிறம், மிக நன்றாக மூடும்.
- குவினாக்ரிடோன் மெஜந்தா (பி.ஆர். 122): ஊதாக்களுக்கு இது இல்லாமல் முடியாது.
- அல்ட்ராமரீன் (பி.பி. 29), தாலோ நீலம் (பி.பி. 15:3), தாலோ பச்சை (பி.ஜி. 7).
- பர்ன்ட் அம்பர் (பி.பிஆர். 7), கார்பன் பிளாக் (பி.பிகே. 7).

பதினொன்று போதும். ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்ளும் என்று பழகிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஹான்ஸா மஞ்சளோடு தாலோ நீலத்தைக் கலந்தால் வாழைக் குருத்து மாதிரி தெளிந்த பச்சை வரும். அதே மஞ்சளோடு அல்ட்ராமரீனைக் கலந்தால் அடங்கிய பச்சைதான். அல்ட்ராமரீனுக்குள் கொஞ்சம் சிவப்புச் சாயல் ஒளிந்திருப்பதே காரணம். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் இருண்ட மஞ்சள் வராது, ஆலிவ் பச்சை வரும். இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை கையால் கலந்து பார்த்தால் மறக்காது.

காட்மியம் நிறமிகள் வைத்திருப்பவர்கள் பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பெயிண்டை ஏர்பிரஷில் அடிக்கவும் வேண்டாம்.

குலுக்கல், துளி, எடை

பாட்டில் சில வாரம் நின்றால் நிறமி அடியில் தங்கி, மேலே மீடியம், அதாவது நிறமியைப் பிடித்திருக்கும் நிறமில்லாத திரவம், தெளிந்து நிற்கும். டிராப்பர் பாட்டிலைச் சரியாகக் குலுக்காமல் கவிழ்த்தால் முதல் சில துளிகளில் நிறமி குறைவாகவும் பிறகு அதிகமாகவும் வரும். ஒரு துளி இன்னொரு துளிக்குச் சமமாக இல்லாதபோது 6:3 என்ற கணக்கை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு பாட்டிலிலும் ஒன்றிரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டுகளைப் போட்டுவிடுங்கள். சாதாரண இரும்புக் குண்டு துருப்பிடித்து நிறத்தையே கெடுக்கும். ஒரு நிமிடம் விடாமல் குலுக்கி, முனையைத் துடைத்துவிட்டு, முதல் துளியை ஒரு காகிதத்தில் வீணடித்து, அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். சாய்த்துப் பிடித்தால் துளியின் அளவு மாறும், குமிழி வந்தாலும் மாறும். ஒரு துளி தோராயமாக 0.05 மி.லி., அதாவது இருபது துளிக்கு ஒரு மி.லி. முனையின் வடிவம் வேறாக இருந்தால் இந்தக் கணக்கும் மாறும். அதனால் வெவ்வேறு கம்பெனி பாட்டில்களிலிருந்து துளி எண்ணி எழுதும் குறிப்பை நான் முழுதாக நம்புவதில்லை.

துளிக் கணக்கில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு கலவையில் தாலோ நீலம் ஒரே ஒரு துளி என்றால், அந்தத் துளி சற்றுப் பெரிதாக விழுந்தாலே நிறம் மாறிவிடும். தாலோ நிறமிகளுக்கு அவ்வளவு பலம். இதற்கு நான் செய்வது இது: ஒரு பங்கு தாலோ நீலத்தை ஒன்பது பங்கு மேட் (பளபளப்பில்லாத) மீடியத்தோடு கலந்து ஒரு காலி டிராப்பர் பாட்டிலில் ஊற்றி, ‘பத்தில் ஒன்று’ என்று லேபிள் ஒட்டி வைத்துவிடுவேன். ஒரு துளிக்குப் பதில் இதில் பத்துத் துளி விடலாம். கை நடுங்கி ஒரு துளி கூடினாலும் பிழை பத்தில் ஒன்றுதான். தாலோ பச்சை, கறுப்பு, மெஜந்தா மூன்றுக்கும் இதேபோல் நீர்த்த பாட்டில் வைத்திருக்கிறேன். இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறையக் கலப்பதாக இருந்தால் எடை போடுங்கள். நகைக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, அது விலை அதிகமில்லை. ஒரு துளியின் எடையே ஏறக்குறைய 0.05 கிராம்தான் என்பதால் ஒற்றைத் துளிகளுக்கு அது உதவாது. ஒரு நிறத்துக்கு அரை கிராமுக்கு மேல் போகும்போது துளி எண்ணுவதைவிட எடை பல மடங்கு நம்பகமானது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எடைக் கணக்கையும் துளிக் கணக்கையும் ஒரே குறிப்பில் கலக்கக் கூடாது. டைட்டானியம் ஒயிட் கனமான நிறமி, அதே அளவு துளிகளுக்கு அதன் எடை கூடுதலாக வரும்.

கலக்கும் வரிசை

பலவீனமான நிறத்தில் தொடங்கி, பலமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வெளிர் நீலம் வேண்டுமென்றால் வெள்ளையை முதலில் வைத்து அதில் நீலத்தைச் சொட்டவும். நீலத்தில் தொடங்கினால் அதை வெளுக்க வைப்பதற்குள் அரை பாட்டில் வெள்ளை போய்விடும்.

குறிவைத்த நிறத்துக்குப் பக்கத்தில் கலவையை வைத்து மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதல் கேள்வி: கலவை வெளிராக இருக்கிறதா, கருமையாக இருக்கிறதா? கண் இதில் எளிதாக ஏமாறும், பளிச்சென்ற நிறத்தை வெளிர் என்று நினைத்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஃபோனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சாம்பல் அளவு ஒன்றாக வரும்வரை சாயலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மினியேச்சரை நாம் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் முதலில் கண்ணில் படுவது இந்த வெளிர்–கருமை வித்தியாசம்தான்.

இரண்டாவது: சாயல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இந்தச் சிவப்பு ஆரஞ்சை நோக்கிப் போகிறதா, ஊதாவை நோக்கியா? போகக் கூடாத பக்கம் போயிருந்தால், போக வேண்டிய பக்கத்தில் இருக்கும் அண்டை நிறத்தைச் சிறிது சேர்த்து இழுங்கள்.

மூன்றாவது: செறிவு. கலவை தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கிறதா? அடக்குவதற்கு எதிர்நிறம் ஒரு துளி போதும். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. கறுப்பைச் சேர்த்தும் அடக்கலாம், ஆனால் கூடவே கருமையும் வந்துவிடும், மஞ்சளாக இருந்தால் சாயலும் பச்சைக்குப் போய்விடும். கலவை தேவைக்குக் கீழே மங்கிப்போயிருந்தால் மேலே எதையும் சேர்க்காதீர்கள். மங்கியதை மறுபடி பளிச்சென்று ஆக்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். புதிதாகத் தொடங்குங்கள்.

காய்ந்த பிறகுதான் தீர்ப்பு

நாம் கலக்கும் பெயிண்ட் அக்ரிலிக் வகை. அதை ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பெயிண்டில் நிறமியைப் பிடித்திருக்கும் அக்ரிலிக் குழம்பு ஈரத்தில் பால் மாதிரி வெளுத்திருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளியும். அந்த வெண்மை போனதும் நிறம் ஒரு படி கருமையாகத் தெரியும். கரும் நிறங்களில் இது நன்றாகத் தெரியும், வெள்ளை அதிகமுள்ள கலவைகளில் குறைவு.

ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கீற்று பூசி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பாருங்கள். எதன் மேல் பூசுகிறீர்கள் என்பது முக்கியம். வெள்ளைக் காகிதத்தில் பூசிய கீற்று, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பொம்மையில் எப்படி வரும் என்று சொல்லவே சொல்லாது. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடிகளைச் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டி, பொம்மைகளுக்கு அடிக்கும் அதே பிரைமரை அவற்றுக்கும் அதே நாளில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றும் இருக்கட்டும். பொம்மையில் எத்தனை பூச்சு பூசுவீர்களோ அத்தனை பூச்சு பட்டையிலும். சிவப்பும் மஞ்சளும் சரியாக மூடாதவை என்பதால், கறுப்பு பிரைமரில் இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் இடையே நிறமே வேறாகத் தெரியும். நாற்பது பேருக்கும் ஒரே எண்ணிக்கையில் பூசுங்கள்.

பட்டை காய்ந்ததும் அதன் பாதியில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் வார்னிஷைப் பூசுங்கள். பளபளப்பு வார்னிஷ் நிறத்தை ஆழமாக்கும். மேட் வார்னிஷ் கரும் நிறங்களைச் சற்று வெளுக்க வைக்கும். வார்னிஷ் அடித்து அலமாரியில் நிற்கும் பழைய பொம்மையோடு புதுக் கலவையை ஒப்பிடும்போது இந்தப் பாதியைத்தான் பார்க்க வேண்டும்.

நீர்த்தல் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் சேர்த்தால் நிறம் மாறாது, மூடும் திறன் மாறும், அதனால் அடிநிறம் எட்டிப் பார்த்து நிறம் மாறியதுபோல் தெரியும். சென்னை மாதிரி ஊரில் மின்விசிறியின் கீழ் பாலெட்டில் வைத்த பெயிண்ட் சில நிமிடங்களில் தடித்துவிடும். வெட் பாலெட் இருந்தால் நல்லது: ஒரு தட்டையான டப்பா, நனைத்த ஸ்பாஞ்ச், மேலே சமையலறை பட்டர் பேப்பர். மெழுகு பூசிய தாள் வேண்டாம், ஈரம் மேலே வராது. ஆனால் வெட் பாலெட்டில் மணிக்கணக்கில் கிடக்கும் கலவை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும், கடைசியில் பூசும் பொம்மை முதலில் பூசியதைவிட மெலிதாக வரும். நான் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டிலிலிருந்து புதிதாகச் சொட்டிக்கொள்கிறேன்.

கோட்டின் சிவப்பு

இப்போது சிப்பாய்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் பாணிச் சீருடையில் சாதாரண வீரர் கோட்டு மேடர் வேரில் சாயமேற்றியது. நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவான செடி அது. அதிகாரிகள் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த ஸ்கார்லெட். ஆகவே இரண்டு சிவப்பு தேவை, ஒன்று அடங்கியது, மற்றது பிரகாசமானது. இந்த வித்தியாசத்தைக் காட்டினால் கூட்டத்துக்குள் அதிகாரி தானாகத் தெரிவார்.

சிப்பாய்க்கு நான் நின்ற கலவை: நாப்தால் ரெட் 6, ரெட் ஆக்சைடு 3, பர்ன்ட் அம்பர் 1. ரெட் ஆக்சைடு நன்றாக மூடுவதால் சாம்பல் பிரைமர் மேல் இரண்டே பூச்சில் முடிகிறது. அதிகாரிக்கு நாப்தால் ரெட் 9, மஞ்சள் காவி 1, அம்பர் கிடையாது.

நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். அடிப்படைக் கலவை பத்துத் துளிக்கு, நீர்த்த தாலோ பச்சை மூன்று நான்கு துளி. எதிர்நிறம் என்பதால் சிவப்பு அடங்கி, அடர்ந்த ஒயின் நிறமாக இறங்கும். மடிப்புகளுக்குள் அது கறுப்பைவிட உயிரோடு இருக்கும்.

வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையைச் சேர்த்தால் கோட்டு ரோஸ் ஆகிவிடும். முதல் படிக்கு நாப்தால் ரெட்டை மட்டும் கூட்டுங்கள். இரண்டாம் படிக்கு அதோடு கொஞ்சம் மஞ்சள் காவி. தோள்பட்டை விளிம்பு, முழங்கை மாதிரி மிகச் சில இடங்களுக்கு மட்டும் இரண்டாம் படிக் கலவையில் ஒரு பிரஷ் முனை அளவு வெள்ளை. நிழல், அடிப்படை, இரண்டு வெளிச்சம் என்று நான்கு கலவையையும் ஒரே தாய்க் கலவையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தனித்தனியாகக் கலந்தால் அவை ஒரே துணியாகத் தெரியாது.

மார்பின் குறுக்குப் பட்டைகள் வெள்ளை. அவற்றுக்கும் தூய வெள்ளையை வைக்காமல், வெள்ளை 10-க்கு மஞ்சள் காவி 1, கறுப்பின் நீர்த்த பாட்டிலிலிருந்து 1 என்று வைத்தால் விளிம்பில் தூய வெள்ளைக்கு இடம் மிஞ்சும்.

தோல் நிறம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ‘ஃப்ளெஷ்’ என்று பெயர் போட்டு வரும் பாட்டில் பெரும்பாலும் ஐரோப்பியத் தோலுக்கானது. அதில் பிரவுனைச் சேர்த்துக் கருமையாக்கி மதராஸ் சிப்பாயின் முகத்தைச் செய்யப் பார்த்தால், களிமண் பூசியது மாதிரி வரும். அந்த பாட்டிலில் வெள்ளை அதிகம், அந்த வெள்ளைதான் முகத்தைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்குகிறது.

தொடக்கத்திலிருந்தே கலந்துகொள்ளுங்கள்: பர்ன்ட் அம்பர் 4, மஞ்சள் காவி 3, ரெட் ஆக்சைடு 2. இதில் வெள்ளையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெளிராக வேண்டுமானால் முதலில் காவியைக் கூட்டுங்கள், அது போதாத இடத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. நிழலுக்கு அல்ட்ராமரீனும் ஒரு தொட்டு மெஜந்தாவும். கன்னக் குழியிலும் கண்ணுக்குக் கீழேயும் அது ஊதாப் பிரவுனாக இறங்கும்.

கருந்தோலில் வெயில் படுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வயல் வேலை செய்பவர்களின் நெற்றியிலும் தோளிலும் மதிய வெயிலில் விழும் பளபளப்பு பிரவுனின் வெளிர்ந்த வடிவமாக இருக்காது. வானத்தின் லேசான நீலம் அதில் இருக்கும். முகம் முழுக்கக் காவி கலந்து வெளிச்சம் கொடுத்த பிறகு, நெற்றி, மூக்கு முனை, கன்ன எலும்பு மூன்றில் மட்டும் வெள்ளையும் சிறிது அல்ட்ராமரீனும் சேர்த்த புள்ளி ஒன்று வையுங்கள். முகத்தில் உயிர் வந்துவிடும்.

கோட்டு ஒன்றாக இருக்க வேண்டும், முகங்கள் அப்படி இருக்கக் கூடாது. தாய்க் கலவையை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் அம்பரைக் கூட்டி, ஒன்றில் காவியைக் கூட்டி, ஒன்றை அப்படியே விடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் மாதிரியும் தெரிவார்கள், ஒரே ஆள் மாதிரியும் தெரிய மாட்டார்கள்.

எழுதி வைப்பதும் பாட்டிலில் வைப்பதும்

நோட்டில் துளிக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது என்று சித்திரையில் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம். காய்ந்த பட்டையை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறேன். பக்கத்தில் நிறமிக் குறியீடு, கம்பெனி, துளியா எடையா, பிரைமர் நிறம், எத்தனை பூச்சு, வார்னிஷ், தேதி. குறிப்பும் பட்டையும் ஒத்துப்போகாத நாள் வந்தால் பட்டையைத்தான் நம்புவேன். நோட்டை வெயில் படாத அலமாரியில் வைக்கவும். படமெடுத்து ஃபோனில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக் கலக்க வேண்டாம், ஃபோன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

பத்துப் பேருக்கு மேல் ஒரே நிறம் என்றால் கலவையை பாட்டிலில் செய்துவிடுங்கள். 10 மி.லி. என்பது சுமார் 200 துளி. மேலே சொன்ன 6:3:1 கணக்கில் 120, 60, 20 வரும். இத்தனை எண்ணுவதற்குள் ஃபோன் மணி அடிக்கும், ஆகவே தராசை எடுங்கள். முதலில் பத்துத் துளியில் சோதித்து, காயவைத்துப் பார்த்து, நிறம் பிடித்த பிறகு அதே பத்துத் துளியை நிறம் நிறமாக எடைபோட்டு மறுபடி செய்யவும். எடை சிறியது என்பதால் இதை ஐந்து மடங்காகச் செய்து சராசரி எடுத்தால் பெரிய அளவுக்கான கணக்கு கிடைத்துவிடும். தேவை என்று நினைப்பதைவிட ஒன்றரை மடங்கு கலந்து வையுங்கள். நாளைக்கு ஒரு துப்பாக்கி உடைந்து, ஒட்டும்போது கோட்டில் கீறல் விழும்.

பாட்டிலில் சேர்க்கும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டாம். கடினநீரின் உப்பு காய்ந்ததும் மங்கலாகப் படியும், அதில் இருக்கும் கிருமிகள் பெயிண்டைக் கெடுத்து நாற வைக்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மலிவாகக் கிடைக்கும், ஆசிட் பாட்டிலை மாற்றி வாங்கிவிடாமல் லேபிளைப் பாருங்கள். அதைவிட, பாட்டிலில் தண்ணீரே சேர்க்காமல், நீர்க்க வேண்டியதைப் பாலெட்டில் செய்வதுதான் நல்லது. லேபிளில் பெயரும் தேதியும் நோட்டுப் பக்க எண்ணும் எழுதி, மேலே ஒரு துளி பெயிண்டைப் பூசி வையுங்கள்.

கலவை தீர்ந்துவிட்டால்

பாட்டில் காலியாகி, முப்பதாவது சிப்பாயில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பைப் பார்த்து, முதலில் கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் கலக்குங்கள். பலமான நிறத்தைக் கடைசிக்கு நிறுத்தி வையுங்கள். ஒட்டிவைத்த பட்டையின் ஓரத்தில், வார்னிஷ் இல்லாத பாதியின் மேல், புதுக் கலவையை ஒரு சின்னக் கீற்று பூசிக் காயவையுங்கள். எல்லைக்கோடு தெரிகிறதா என்று சாய்த்துப் பாருங்கள். தெரிந்தால் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு, மிச்சமிருக்கும் ஒரு பங்கில் திருத்துங்கள். மேசை விளக்கில் எல்லைக்கோடு மறைந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கேயும் மறைந்தால் முடிந்தது.

எவ்வளவு முயன்றும் ஒரு நூல் வித்தியாசம் நிற்கலாம், முக்கியமாக ஒரு நிறமி கடையில் கிடைக்காமல் போய் மாற்று நிறமியை எடுக்க நேரும்போது. அப்போது புதுச் சிவப்புக்காரர்களை ஓர் அணியாகச் சேர்த்து நிறுத்தாதீர்கள். பழையவர்களுக்கு நடுவே கலைத்து நிறுத்துங்கள். பழைய பத்துப் பேருக்குக் கடைசி வெளிச்சப் படியைப் புதுக் கலவையில் ஒரு கோடு இழுத்துவிட்டால் இரண்டும் இன்னும் நெருங்கிவிடும். 1803-ன் சிப்பாய்க்கும் புதுக்கோட்டும் வெயிலில் வெளுத்த கோட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். என் இரண்டாவது பன்னிரண்டு பேரில் மூவரை இந்த முறையில்தான் காப்பாற்றினேன், இப்போது அவர்கள் எந்த மூவர் என்று எனக்கே தெரியவில்லை.